"அத்தை, எந்தப் பூச்சி போடலாம்?"

"அத்தை, நாளைக்கு ட்ரவுட் மீன் பிடிக்கப் போறேன். நீங்களும் வாங்களேன்!" என்றார் மாப்பிள்ளை.

நியூ ஜெர்ஸியில் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம். நவம்பர் முதல் வாரம். காய்ச்சலில் விழுந்து எழுந்த மூன்று வயதுப் பேரன், சோற்றைக் கண்டாலே வாயை இறுக மூடிக் கொள்கிறான். நான் கிண்ணத்தோடு துரத்த, அவன் மேஜைக்கு அடியில் புகுந்துகொள்ள, வீடே அமர்க்களம்! "ஒரு நாளைக்கு அவனை என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டு வாம்மா" என்று மகளே அனுப்பி வைத்தாள்.

நியூயார்க் மாநிலத்தில், கேட்ஸ்கில் மலைப் பகுதியில் ராஸ்கோ என்று ஒரு சிற்றூர். பீவர்கில், வில்லோவீமாக் என்ற இரண்டு ஆறுகள் கூடும் இடம். 'ட்ரவுட் டவுன்' என்றே ஊருக்குச் செல்லப் பெயர். நம் ஊட்டிப் பக்கம் அவலாஞ்சியில் வெள்ளைக்காரர்கள் கொண்டு வந்து விட்டார்களே, அதே ட்ரவுட் இனம்தான்.

பிரித்துப் பார்த்துக் கற்ற வித்தை

மண்புழு கோர்க்கிற தூண்டில்தான் எனக்குத் தெரியும். இங்கே 'ஃப்ளை' என்கிறார்கள். ஈ என்று நினைத்து விடாதீர்கள்! சின்னக் கொக்கியில் சேவல் இறகு, முயல் ரோமம், நூல் எல்லாம் சுற்றிச் செய்கிற பொய்ப் பூச்சி. 1890-ல் இங்கிலாந்தின் ஹால்ஃபோர்டு, தியோடர் கார்டனுக்குச் சில மாதிரிகளை அனுப்பினார். கார்டன் அவற்றை இந்த மலை ஆறுகளின் பூச்சிகளுக்கு ஏற்றபடி மாற்றிக் கட்டினாராம்.

எனக்குப் பிடித்தது வின்னி டெட் என்ற பெண்மணியின் கதை. கைதேர்ந்த ஒருவர் தொழிலைக் கற்றுத்தர மறுத்துவிட்டார். வின்னியும் கணவர் வால்ட்டும் அவர் கட்டிய பூச்சிகளையே வாங்கி வந்து, ஒவ்வொரு சுற்றாகப் பிரித்துப் பார்த்துக் கற்றுக் கொண்டார்கள். நாம் பழைய ரவிக்கையைப் பிரித்து அளவு எடுப்போமே, அது போலத்தான்! பிறகு மகள் மேரியும் அதே தொழிலில் பேர் வாங்கினார்.

கல்லைப் புரட்டிய பாட்டி

ஆற்றில் மாப்பிள்ளை முதலில் போட்டது, கோடையில் அவருக்கு ராசியான பெரிய, பளபளப்பான பூச்சி. இரண்டு மணி நேரமாகியும் ஒரு மீன்கூட எட்டிப் பார்க்கவில்லை. "அத்தை, எந்தப் பூச்சி போடலாம்? நீங்களே சொல்லுங்க" என்று பெட்டியை என்னிடமே நீட்டி விட்டார்!

கரையில் உட்கார்ந்து காப்பி குடித்துக் கொண்டிருந்த ஒரு பாட்டியம்மா சிரித்தார். "நீங்க என்ன கொடுக்கணும்னு யோசிக்கிறீங்க. அது இப்ப என்ன சாப்பிடுதுன்னு பார்த்தீங்களா?" என்று கேட்டு, ஓரத்தில் கிடந்த கல் ஒன்றைப் புரட்டினார். அடியில் அரிசி நீளம்கூட இல்லாத பூச்சிகள் நெளிந்தன.

அவர் விளக்கினார். மீனுக்கு நம்மைப் போல உடம்புச் சூடு கிடையாது. தண்ணீர் 10 டிகிரி செல்சியஸ் இருந்தால் நன்றாகத் தின்னும். 4 டிகிரிக்கு இறங்கினால் மந்தம். செரிமானம் மெதுவாகிவிடும். துரத்திப் பிடிக்காது. வாய்க்கு நேரே வந்தால்தான் திறக்கும்.

ஆகவே பின் இலையுதிர் காலத்துக்கு அவர் சொன்ன தேர்வு:

* 'ப்ளூ விங்டு ஆலிவ்': பச்சை கலந்த உடல், சாம்பல் இறக்கை. மேகம் மூடிய, தூறல் விழும் மதிய நேரத்தில் நீர்மேல் மிதக்க விட. கொக்கி 18 முதல் 22. தையல் ஊசி போல, எண் ஏற ஏறக் கொக்கி சிறிசு.

* 'மிட்ஜ்': கொசு போன்ற நுண்பூச்சி. குளிர் காலம் முழுக்க உண்டு.

* 'ஃபெசன்ட் டெயில்': செம்புக் கம்பி சுற்றியது. அடித்தரைக்கு இறங்கும். மேலே ஒன்றும் அசையாதபோது இதுவே நல்லது.

* 'உல்லி பக்கர்': கறுப்பு அல்லது ஆலிவ் நிறப் பெரிய பூச்சி. கலங்கிய தண்ணீரில், மெல்ல மெல்ல இழுக்க வேண்டும்.

பெட்டியில் ஆரஞ்சு நூலில் மீன் முட்டை போல ஒன்றும் இருந்தது. "அது இன்னிக்கு வேண்டாம்" என்றார் பாட்டி. பழுப்பு ட்ரவுட் முட்டையிடுவது இந்தப் பருவத்தில்தான். தாய் மீன் வாலால் கூழாங்கல்லை விலக்கிக் குழி பறிக்கும். அந்த இடம் மட்டும் வெளிறித் தெரியும். அங்கே தூண்டில் போடக் கூடாது, கால் வைக்கவும் கூடாது. இந்த மாநில ஓடைகளில், அக்டோபர் 16-லிருந்து மார்ச் 31 வரை பிடித்த ட்ரவுட்டைத் திரும்ப விட்டு விடத்தான் வேண்டும்.

மேகம் மூடிய அந்த மதியம், 20-ஆம் எண் ஆலிவ் பூச்சி மாட்டியது. கால் மணியில் மெல்லிய ஒரு சுழிப்பு! கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடித்தார் மாப்பிள்ளை. உடம்பெல்லாம் சிவப்புப் புள்ளி. கொக்கியை எடுத்ததும், நீரோட்டத்தைப் பார்க்க ஏந்தி வைத்திருந்து விட்டு விட்டார். நழுவிப் போனது.

வீட்டுக்கு வந்தபோது, வழக்கமான பெரிய கிண்ணம் மேஜையில் ஆறிக் கிடந்தது. எடுத்து உள்ளே வைத்து விட்டேன். இரண்டு கரண்டி ரசம் சாதத்தைக் குழைத்து, சின்னத் தட்டில் சுண்டைக்காய் அளவு உருட்டி வைத்துவிட்டு, நான் பாட்டுக்கு வெங்காயம் உரித்தேன். கூப்பிடவில்லை, கெஞ்சவில்லை.

சற்றுப் பொறுத்துத் திரும்பிப் பார்த்தால், நாலு உருண்டையைக் காணோம். மிச்சம் ஆறு அப்படியே இருந்தது. அதற்கு மேல் வேண்டாம் என்று தலையாட்டினான். சரி என்று விட்டு விட்டேன்.