இருளும் ஒளியும்

வ. உ. சிதம்பரனார் 1872-இல் பிறந்த ஓட்டப்பிடாரத்தில், எம் இல்லத்துப் பின்கட்டு அறையைப் படக்காட்சிக்கென அமைக்கலாயினோம். அவர் சரிதையை உரைக்கும் 'கப்பலோட்டிய தமிழன்' என்னும் 1961-ஆம் ஆண்டுப் படத்தைப் பாட்டியாருக்குக் காட்டுவதே எம் வேட்கை.

ஒளி குன்றினாலன்றித் திரையில் உருவம் துலங்காது. முற்றும் இருண்டாலோ, 80 பிராயம் கடந்த அவர் எழுந்து நடக்குங்கால் இடறி வீழ்வார். ஆகவே விளக்கைக் குறைக்கவும் கூட்டவும் டிம்மர் வேண்டிற்று.

"அதே கம்பியில் புரொஜெக்டரையும் பூட்டினால் செலவு குறையுமே" என்றான் இளவல். மின்வேலை செய்தவர் இசைந்திலர். டிம்மரானது வினாடிக்கு 100 முறை எழும் அரையலைகள் ஒவ்வொன்றிலும் ஒரு கூற்றைத் துணித்தே ஒளியைக் குறைக்கின்றது. அதற்கேற்ற விளக்கு அதனைப் பொறுக்கும். புரொஜெக்டரோ குறைவற்ற 230 வோல்ட்டு மின்சாரத்தை வேண்டுவது. துணிபட்ட மின்சாரத்தால் பழுதுறும். ஆதலின் பலகையினின்றே இரு வழிகள் பிரித்தோம்: விளக்குகளுக்கு ஒன்று; எர்த்துக் கம்பியுடன் புரொஜெக்டருக்கு மற்றொன்று. டிம்மருக்கு உரியவை எனக் குறித்த எல்.ஈ.டி. விளக்குகளையே தேர்ந்தோம், ஏனையவை மினுக்கும். வாயிற்படியருகே சிறு விளக்கொன்று டிம்மரைச் சாராது எரியும்.

சிக்கனம் நற்குணமே, எனினும் ஒவ்வொன்றற்கும் உரியதை அளித்தல் அதனினும் சிறந்தது. படம் முடியுமட்டும் இருந்த பாட்டியார், ஒருவர் கையும் பற்றாது தம் அறை சென்றார்.