அரிசியை இழுத்த செம்பு

கடலூர் மஞ்சக்குப்பத்தில் என் சிநேகிதர் வீட்டில் பழைய செம்பு ஒன்று உண்டு. ஒரு நாள் அதைப் பார்த்த தரகர் ஒருவர் கைகூப்பிவிட்டார். "இடி விழுந்த செம்பு, ஐயா! உள்ளே இரிடியம். விண்வெளி ஆராய்ச்சிக்காரர்கள் கோடிக்கணக்கில் கொடுப்பார்கள்" என்றார். தம் மடியிலிருந்து அரிசியை எடுத்துத் தட்டில் பரப்பினார். அரிசி செம்பை நோக்கி நகர்ந்தது. என் மனமும் கூடவே நகர்ந்ததை ஏன் மறைக்க வேண்டும்? அவர் பேச்சில் அத்தனை இனிமை.

"வாங்குகிறவர் சிதம்பரத்து வியாபாரி, விவரம் தெரியாதவர்" என்று சொல்லிப் பரிசோதனைச் செலவு வாங்கிக்கொண்டார். சிதம்பரத்தில் மேலவீதிக்காரரிடம், "விற்கிறவர் அப்பாவி; அருமை தெரியாது" என்று முன்பணம் வாங்கினார். பிறகு இரண்டு ஊரிலும் ஆளைக் காணோம்.

இரிடியம் 1803-ல் கண்டுபிடிக்கப்பட்ட உலோகம். விண்கற்களில் அதிகம் உண்டு என்பது மெய். ஆனால் அது அரிசியை இழுக்காது. அரிசியில் இரும்புத் தூள், செம்புக்குள் காந்தம், வித்தை அவ்வளவுதான். 2018-ல் டில்லியில் ஒரு தகப்பனும் மகனும் நாஸாவுக்கு விற்பதாகச் சொல்லி, ஒரு வியாபாரியிடம் 1 கோடியே 43 லட்சம் ரூபாய் கறந்ததாகப் போலீஸார் கைது செய்தார்கள்.

நம்மவர்கள் இருவரும் போலீஸுக்குப் போகவில்லை. எப்படிப் போவார்கள்? எதிராளியை ஏமாற்ற நினைத்ததையும் சேர்த்தல்லவா எழுதிக் கொடுக்க வேண்டும்! தரகர் நம்பியிருந்தது அந்தக் கூச்சத்தைத்தான்.

அந்தச் செம்பில்தான் சிநேகிதர் இன்றும் எனக்குத் தண்ணீர் தருகிறார். நான் கேலி செய்வதில்லை. அன்று என் பையில் பணம் இருந்திருந்தால் நானும் பங்காளிதான்.