டெவன்ஸ் முகாமின் நுரையீரல்கள்

1918 செப்டம்பர் 7
அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்கு வடமேற்கேயுள்ள டெவன்ஸ் படைமுகாமில், தாங்கொணா உடல்வலியுடன் பிதற்றிய வீரர் ஒருவர் மூளைக்காய்ச்சல் என்ற ஐயத்தில் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். 36,000 பேருக்கெனக் கட்டப்பட்ட அம்முகாமில் 45,000 பேருக்கு மேல் நெருக்கியடித்துத் தங்கியிருந்தமையால், இருமலிலும் தும்மலிலும் தெறிக்கும் துளிகள்வழித் தொற்றும் இன்ஃப்ளூயன்ஸா சில நாள்களிலேயே முகாமெங்கும் பரவியது.

1918 செப்டம்பர் 23
வில்லியம் வெல்ச், விக்டர் வான், ரூஃபஸ் கோல் முதலிய மருத்துவ அறிஞர்கள் முகாமுக்கு வந்தனர். தாம் வந்த நாளில் மட்டும் 63 பேர் இறந்ததாக வான் பிற்காலத்தில் எழுதினார். குருதியில் ஆக்சிஜன் குறைவதால் உதடும் முகமும் நிறம் மாறும் நீலம்பாரித்தல் நோயாளிகளிடம் காணப்பட்டது. பிணக்கூறாய்வில் திறந்து பார்த்தபோது, காற்று நிறைந்திருக்க வேண்டிய நுரையீரல்கள் குருதி கலந்த நீர்மத்தால் வீங்கிக் கனத்திருந்தன. 1892இல் ஃபைஃபர் என்ற அறிஞர் கண்டறிந்த பாக்டீரியாவே இன்ஃப்ளூயன்ஸாவின் காரணி என்ற கருத்து அன்று வலுவாக இருந்தது.

1933 ஜூலை 8
வில்சன் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா ஆகிய ஆய்வாளர்கள், இன்ஃப்ளூயன்ஸா நோயாளிகளின் தொண்டை கழுவிய நீரை நுண்வடிகட்டியில் செலுத்தி, வடிந்ததைக் நீர்நாயின் குடும்பத்தைச் சேர்ந்த ஃபெரெட்டுகளுக்கு ஏற்றி நோயை உண்டாக்கியதை 'லான்செட்' இதழில் வெளியிட்டனர். பாக்டீரியா கடக்க இயலாத வடிகட்டியை நோய்க்காரணி கடந்ததால், அது வைரஸ் என்பது உறுதியாயிற்று.

2008 அக்டோபர் 1
மோரன்ஸ், டாபன்பெர்கர், ஃபௌச்சி ஆகிய ஆய்வாளர்கள், 1918–19இல் இறந்த 58 படைவீரர்களின் பாதுகாக்கப்பட்ட நுரையீரல் திசுக்களையும் 8,000க்கும் மேற்பட்ட பிணக்கூறாய்வுப் பதிவுகளையும் ஆராய்ந்து, பெரும்பாலான இறப்புகளில் பாக்டீரியா நிமோனியாவுக்குப் பங்கிருந்தது என முடிவுகண்டனர். மூச்சுக்குழாயின் உட்படலத்தையும், சளியை மேல்நோக்கித் தள்ளும் நுண்மயிரிழைகளையும் வைரஸ் சிதைத்துவிட, மூக்கிலும் தொண்டையிலும் தங்கியிருந்த நியூமோகாக்கஸ் போன்ற பாக்டீரியாக்கள் தடையின்றி நுரையீரலுக்குள் இறங்குகின்றன. இதுவே இரண்டாம்நிலை நிமோனியா. வைரஸே காற்றுநுண்ணறைகளைத் தாக்கி அவற்றில் நீர்மம் நிறையச் செய்யும் முதல்நிலை நிமோனியா, செயற்கைச் சுவாசம் தேவைப்படும் அளவுக்கு விரைந்து முற்றக்கூடும்.

டெவன்ஸில் இல்லாத தடுப்பூசியும், அறிகுறி தோன்றிய 48 மணி நேரத்திற்குள் தொடங்கினால் மிகுந்த பயன் தரும் ஓசெல்டாமிவிர் மருந்தும், பாக்டீரியாவுக்கெதிரான ஆண்டிபயாடிக்குகளும் இன்று உள்ளன. ஆகவே, தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறி, மூச்சுத்திணறலும் நெஞ்சுவலியும் சேருமாயின், அதைச் சளிக்காய்ச்சலின் மிச்சமென்று கருதாமல் உடனே மருத்துவமனையை நாட வேண்டும்.