அப்பாவின் முழங்காலும் அளவுக் கருவியும்

வெர்னியர் காலிப்பர், மைக்ரோமீட்டர், பெவல் புரோட்ராக்டர் என்று எத்தனையோ கருவிகளை நாம் கையில் எடுத்திருக்கிறோம். மனிதனுடைய முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கவும் ஒரு கருவி உண்டு. பெயர் கோனியோமீட்டர். என் அப்பாவால்தான் அது எனக்கு அறிமுகமானது.

அப்பாவுக்குத் தச்சு வேலை. இரண்டு வருஷத்துக்கு முன் வண்ணார்பேட்டை பைபாஸ் ரோட்டில் ஒரு வேன் மோதி வலது முழங்கால் நொறுங்கிவிட்டது. தகடும் ஸ்குரூவும் வைத்தார்கள். 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 166-ஆவது பிரிவில் நஷ்டஈடு கேட்டு மனு செய்தோம். நாங்கள் கொடுத்த டாக்டர் சர்டிபிகேட்டை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்கவில்லை. மெடிக்கல் போர்டு பார்க்க வேண்டும் என்றது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரிக்கு வரச் சொல்லித் தேதி வந்தது.

உடனே இலவச ஆலோசனைகளும் வந்தன! “அண்ணாச்சி, கம்பை ஊணிக்கிட்டுப் போங்க. தொட்ட உடனே கத்துங்க. பெர்சன்டேஜ் கூடும்” என்றார் பக்கத்து வீட்டுக்காரர். அப்பாவோ நேர் எதிர். “ஏலே, நான் என்ன நொண்டியா? நிமிந்து நடந்துதான் போவேன்” என்றார்.

இரண்டுமே ஆபத்து. நம்மையே மடக்கச் சொல்லி ஒரு அளவு, டாக்டர் மடக்கி ஒரு அளவு எடுப்பார்கள். இரண்டு தொடைகளின் சுற்றளவையும் டேப்பால் ஒப்பிடுவார்கள். வேலை செய்யாத காலில் சதை வற்றும், நடிப்புக்கு வற்றாது. வலியை மறைத்தாலோ, நஷ்டம் நமக்குத்தான்.

எங்கள் வக்கீல் இன்னொன்றும் சொன்னார். ராஜ்குமார் எதிர் அஜய்குமார் வழக்கில் 2010-ல் உச்சநீதிமன்றம் சொன்னது: ஊனத்தின் சதவீதம் வேறு, சம்பாதிக்கும் சக்தியில் ஏற்படும் இழப்பு வேறு. இடது கை போனால் ஒரு டிரைவருக்கோ தச்சருக்கோ பிழைப்பே ஏறக்குறைய முழுதும் போகும். அரசாங்க குமாஸ்தாவுக்கு வேலை போகாமலும் இருக்கலாம். ஆகவே என்ன தொழில், அதில் எது முடியவில்லை என்பதே முக்கியம்.

மூன்று ராத்திரி உட்கார்ந்தோம். டிஸ்சார்ஜ் சம்மரி, எக்ஸ்ரே, எஃப்.ஐ.ஆர். நகல், மருந்து பில் எல்லாவற்றையும் தேதிவாரியாக அடுக்கினேன். அப்பா சொல்லச் சொல்ல ஒரு தாளில் எழுதினேன். குந்தி உட்கார முடியாது. ஏணி ஏற முடியாது. காலை ஊன்றி இழைப்புளி தள்ள முடியாது. எழுதி முடித்ததும் அப்பா, “சுலோச்சன முதலியார் பாலம் வரைக்கும் நடக்கேம்லா, அதையும் எழுது. மறுநா வீங்குதையும் எழுது. உள்ளதுதான?” என்றார்.

ஆஸ்பத்திரியில் கோனியோமீட்டர் 70 டிகிரி காட்டியது. நல்ல முழங்கால் சுமார் 135 டிகிரி மடங்கும். “என்ன வேலை செய்றீங்க?” என்று டாக்டர் கேட்டார். “தச்சு வேலை செஞ்சேன்” என்றார் அப்பா. அந்த ‘செஞ்சேன்’ என்ற சொல்லை அளக்க எந்தக் கருவியும் இல்லை, நண்பர்களே!

வழக்கு இன்னும் நடக்கிறது. தீர்ப்பு எப்படியும் வரட்டும். உங்கள் வீட்டில் இப்படி ஒரு நாள் வந்தால் காகிதங்களைப் பத்திரப்படுத்துங்கள். கூட்டியும் சொல்லாதீர்கள், குறைத்தும் சொல்லாதீர்கள். லேபில் ரீடிங் எடுக்கும்போது நமக்குச் சொல்லித் தருவதும் அதுதானே!