மதிலோரத்து மூன்றடி மண்

மதிலோரம் மூன்றடி அகல மண் இருந்தால், ஒரே செடியை வரிசையாக நட்டு முடித்துவிடுவது நம் வழக்கம். புதரும் பூச்செடியும் தரையில் படர்வதும் கலந்த பாத்தி புதியவர்களுக்கும் எளிதே. செடி வாங்கும்போது பூவின் நிறத்தை விட, வளர்ந்தபின் அது எட்டும் உயரத்தையும் கேட்கும் நீரையும் விசாரிக்க வேண்டும்.

காயல்பட்டினத்தில் எங்கள் வீட்டு மதிலை ஒட்டி மருதாணி நிற்கிறது. விட்டால் ஆளுயரம் தாண்டும். பெருநாளுக்கு இலை பறிக்கும்போதே கவாத்தும் ஆகிவிடுகிறது. பிறை பார்த்துக் கவாத்துச் செய்யப்படும் செடி வேறு இருக்குமோ, அறியேன்! வேரூன்றிவிட்டால் அதற்கு நீர் அதிகம் தேவையில்லை. அதன் முன்னே துலுக்கச் சாமந்தி. விதைத்து ஏறத்தாழ இரண்டு மாதத்தில் பூக்கும். பாத்தி விளிம்பில் டேபிள் ரோஸ்.

உயரக் கணக்குப்படி ரைஹான் நடுவரிசைக்கு உரியது. திருநீற்றுப்பச்சிலை என்று பிறர் சொல்வதும், நோன்புக்கால சர்பத்துக்குச் சப்ஜா விதை தருவதும் இச்செடிதான். ஆனால் உம்மாவுக்குப் பார்வை மங்கிவிட்டது. சாமந்தியின் மஞ்சளால் அவர்களுக்கு இனிப் பயனில்லை. ஆகவே கணக்கை மீறி, உளூச் செய்யுமிடத்தருகே கைக்கெட்டும் ஓரத்தில் ரைஹானை வைத்தேன். அடிக்கடி நீர் கேட்கும் செடிக்கு உளூ நீரும் கிடைக்கிறது. உம்மா ஒவ்வொரு வக்துக்கும் வரும்போது இலையைத் தடவி, விரல்களை முகர்ந்து கொள்கிறார்கள்.

எங்கள் ஊரின் மணற்பாங்கான மண் நீரைப் பிடித்து வைக்காது. குழிதோறும் மக்கிய சாண உரம் கலந்து, ஐப்பசி மழை தொடங்கியதும் மருதாணிக் குச்சிகளை நடுங்கள். மற்றவை, மழை ஓய்ந்தபின்.