நீர்க்கரையில் ஓரிரவு

மலையகத் தோட்ட மக்களிடையே பயணம் என்ற சொல்லுக்குச் சில திட்டமான பொருள்களே உண்டு. கதிர்காமத்துக்கோ சிவனொளிபாதமலைக்கோ நேர்த்தி வைத்துச் செல்வது ஒன்று; உறவினர் வீட்டு நன்மை தீமைகளுக்குச் செல்வது மற்றொன்று; கொழும்புக்கு வேலை தேடிச் செல்வது இன்னொன்று. எக்காரியமுமின்றி ஓரிடத்திற்குப் போய், அங்கே சும்மா இருந்துவிட்டுத் திரும்புதல் எங்கள் வழக்கில் இல்லாதது. ஆகவே, மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கக் கரையிலே கூடாரம் அடித்துக் குடும்பத்தோடு தங்கலாம் என்ற யோசனை எங்கள் வீட்டில் எழுந்தபோது, அது உல்லாசப் பயணம் பற்றிய பேச்சாக மாத்திரம் நிற்கவில்லை. அந்தத் திட்டம் உருவான விதத்தையே இங்கு எழுத விழைகிறேன்.

மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கம், களனி கங்கையின் கிளையாறுகளுள் ஒன்றான மஸ்கெலி ஓயாவை மறித்துக் கட்டப்பட்டது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் பெறலாம் என்பதைப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918 இலேயே ஒரு கட்டுரை மூலம் எடுத்துரைத்திருந்தார். அக்கனவின் தொடர்ச்சியாக எழுந்த அணைகளுள் ஒன்று இது. 1969 இல் நிறைவுற்றது. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 3,800 அடி உயரத்தில், தேயிலை மலைகளின் நடுவே நீர் பரந்து கிடக்கிறது. வானம் தெளிந்த நாளிற் சிவனொளிபாதமலையின் கூர்முனை அதற்கு அப்பால் எழுந்து நிற்கும். நல்லதண்ணிக்குச் செல்லும் யாத்திரிகர்கள் டிசம்பர்ப் பூரணை முதல் மே மாத வெசாக் வரை இப்பக்கமாகவே போய்வருவர். அண்மைக் காலமாக இந்நீர்க்கரையின் அழகை நாடித் தூர இடங்களிலிருந்தும் பலர் வருகின்றனர்.

எங்களுக்கோ அது நாள்தோறும் காணும் நீர். அம்மா கொழுந்தெடுக்கும் மலையிலிருந்து பார்த்தால் கீழே தெரிவது. கொழும்பிலே கடையொன்றில் வேலை செய்யும் அண்ணன், கைப்பேசியிற் கண்ட சில படங்களைக் காட்டி, மூன்று நாள் அங்கே தங்குவோம் என்று கூறியபோது, அம்மா கேட்ட முதற் கேள்வி இது: “லயத்துல ஒழுகுறது பத்தாதா தம்பி? துணிக்குள்ள வேற போயிப் படுக்கணுமா?”

எல்லோரும் சிரித்தோம். ஆயினும் அக்கேள்வி சிரிப்போடு முடிவதன்று. தகரக் கூரையின் கீழே குளிரையும் மழையையும் வாழ்நாள் முழுதும் தாங்கியவருக்கு, அவற்றை விரும்பித் தேடிச் செல்வது விநோதமாகவே தோன்றும். வசதியான வீட்டிலிருந்து புறப்படுவோனுக்கே கூடாரம் ஒரு மாறுதல். இதற்கு அண்ணனிடம் மறுமொழி இருக்கவில்லை. எனினும், சில நாள் கழித்து, கூடாரத்தின் அடியில் ஈரம் ஏறாதிருக்கப் படங்கு விரிக்க வேண்டும் என்று அம்மாவே சொன்னார். அவருடைய சம்மதம் அவ்வாறுதான் எங்களுக்குத் தெரியவந்தது.

அதன் பின்னர் ஆயத்தங்கள் பெரும்பாலும் அம்மாவின் அறிவைக் கொண்டே நடந்தன. நீர் வற்றிய தரையிலே கூடாரம் அடிக்கலாகாது. மேலே மழை பெய்தால் நீர் ஏறும், அன்றியும் அச்சேறு காலை விடாது. நீர் நிறைந்து நிற்கும் காலத்து எல்லைக் கோட்டுக்கு மேலே, காற்றுக்கு முதுகு காட்டி அடிக்க வேண்டும். சுற்றிலும் சிறு வாய்க்கால் வெட்ட வேண்டும். அட்டைக்கு உப்பும் சவர்க்காரமும், இரவுக்குக் கம்பளியும் தேவை. விறகுக்காகத் தேயிலையிலோ நிழல் மரத்திலோ கை வைக்காது, அடுப்பைக் கொண்டுபோக வேண்டும். கரையின் எப்பகுதி தோட்டத்தைச் சேர்ந்தது, எது அரசுக்குரியது என்று விசாரித்து, அனுமதி பெற்றே தங்க வேண்டும். நீந்தத் தெரிந்தவராயினும் நீரில் இறங்குவதில்லை என்பதும் முடிவாயிற்று. மாமாவின் வானில் பின்னாசனங்களைக் கழற்றிவிட்டு, அப்பாயிக்கு அதனுள்ளேயே படுக்கை போடுவதென்று ஏற்பாடு. சக்கரம் பூட்டிய வீடு என்று அதற்குத் தம்பி பெயரிட்டான்.

இவை எளிதில் முடிந்தன. நாள் குறிப்பதே கடினமாயிற்று. அண்ணனுக்குச் சித்திரை வருடப்பிறப்பு விடுமுறை வசதியானது. படங்களிற் கண்டவாறு நீர் ததும்பி நிற்கும் காலமாயின் இன்னும் நல்லது என்றான். அதுவரை வாய் திறவாதிருந்த அப்பாயி அப்போதுதான் பேசினார்: “தண்ணி வத்துற நாளாப் பாத்து வைங்க.”

அணை கட்டப்பட்டபோது பழைய மஸ்கெலியா நகரம் நீருள் மூழ்கியது. நகரம் வேறிடத்துக்கு மாற்றப்பட்டது. கோடையிலே நீர் மிகவும் தாழும்போது பழைய நகரின் கோயில், விகாரை, பள்ளிவாசல் ஆகியவற்றின் எச்சங்கள் சேற்றிடையே வெளித்தோன்றுவதுண்டு. அப்பாயிக்குக் காது குத்தியது அக்கோயிலிலே. அவருடைய பெற்றோருக்குத் திருமணம் நடந்ததும் அங்கேயே. இவற்றை நாங்கள் அன்றுதான் முதன்முறையாகக் கேட்டோம். ஒரே கூரையின் கீழ் இருபது வருடங்களுக்கு மேல் வாழ்ந்தும், பயணமொன்றுக்கு நாள் பார்க்கும் வரையில் அவை பேசப்படவில்லை.

அப்பாயியின் பேச்சு மேலும் நீண்டது. அதே காலப்பகுதியில் மற்றொரு பிரிவும் நிகழ்ந்தது. 1964 இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் செய்த ஒப்பந்தத்தின்படி 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை குடியுரிமை வழங்குவதென்றும் தீர்மானிக்கப்பட்டது. எண்களாகப் பாடநூலில் நான் படித்த இவ்விடயம், அப்பாயிக்குத் தலைமன்னாரிற் கப்பலேறிய தம் அக்காவின் முகமாக இருந்தது. சில வருட இடைவெளியில் ஊரை நீர் கொண்டது. உறவைக் கப்பல் கொண்டது. அக்கா போன இராமேஸ்வரக் கரையை அவர் ஒருபோதும் கண்டதில்லை. இந்தக் கரையையாவது கிட்ட நின்று காணலாம் அல்லவா? எழுபது வயதைக் கடந்த ஒருவருக்கு, அடுத்த கோடையில் என்று சொல்ல எங்களில் எவருக்கும் மனம் வரவில்லை.

எனவே மார்ச் மாதம் என்று முடிவு செய்தோம். அப்போது அம்மாவின் கணக்கு குறுக்கிட்டது. வேலைக்குப் போகாத நாளுக்குப் பேர் இல்லை. பேர் இல்லையேல் சம்பளம் இல்லை. மூன்று நாளென்பது மூன்று பேர். அதை ஈடுசெய்யக் கொழுந்து விழும் காலத்தில் எத்தனை நாள் கூடுதலாக எடுக்க வேண்டும் என்பதை அவர் விரல்விட்டுக் கூறினார். விடுமுறை என்பது மாதச் சம்பளக்காரரின் சொல் என்பதை அந்த விரல்கள் எனக்கு உணர்த்தின. பொருளியல் விரிவுரைகளில் ஓய்வின் விலை என்று நாம் எழுதிக்கொள்வதன் தெளிவான விளக்கம் அதுவே.

ஈற்றில் மூன்று நாட்கள் ஓரிரவாகச் சுருங்கின. சனிக்கிழமை மாலை கொழுந்து நிறுத்த பின்னர் புறப்பட்டு, ஞாயிறு இரவு திரும்புவது. அம்மாவுக்கு ஒரு பேரும் குறையாது. அண்ணன் தன் முதலாளியிடம் இரண்டு நாள் கேட்டு வருவான். அடுப்பு அவன் பொறுப்பு. பாத்திரம் கழுவுவது என் பொறுப்பு. மீந்த குப்பையைப் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வருவது தம்பியின் வேலை. அம்மாவின் பெயருக்கு எதிரே எந்த வேலையும் எழுதப்படவில்லை. பட்டியலை வாசித்துக் காட்டியபோது, அவர் அதை நம்பாதவர் போல, “ரொட்டிக்கு மாவு யாரு பிசையிறது?” என்றார். அண்ணனே என்று உறுதியளிக்கப்பட்டது. இருந்தும், தேங்காய் துருவி ஒன்று தனியாக எடுத்து வைக்கப்பட்டிருப்பதைப் பின்னர் கண்டேன்.

பட்டியலின் கடைசி வரி அப்பாயியினுடையது: ஒரு தேங்காய், ஒரு பெட்டி கற்பூரம். கோயில் வெளித்தோன்றுமா என்பது மழையையும் மின் உற்பத்திக்காகத் திறந்துவிடப்படும் நீரின் அளவையும் பொறுத்தது. அதற்கு எவரும் உறுதி கூற இயலாது. இதனை அவருக்கு எடுத்துச் சொன்னோம். இடம் தமக்குத் தெரியும் என்றும், கோயில் தெரியாவிடில் கரையிலே நின்று கற்பூரம் கொளுத்துவதாகவும் அவர் கூறினார். இதற்கு மேல் நாங்கள் எதுவும் பேசவில்லை.

இம்மலைகளைத் தேயிலையாக்கிய கைகள், அவற்றின் அழகைப் பார்த்துக்கொண்டு ஒரு மாலைப்பொழுது வாளாவிருந்தது அரிது. ஒரு நிலத்திலே உழைப்பதற்கு மாத்திரமன்றி, அதிலே ஓய்ந்திருப்பதற்கும் தமக்கு உரிமை உண்டு என்று ஒரு குடும்பம் எண்ணத் தொடங்குவதைச் சிறிய மாற்றமாக நான் கருதவில்லை. வளாகத்து நண்பர்களும் விடுமுறைகளிற் குடும்பத்தோடு எங்கேனும் செல்லத் திட்டமிடுவர். கூடாரத்தையும் வாகனத்தையும் பற்றி ஆலோசிக்கும் முன்னர், வீட்டிலே ஒவ்வொருவரும் அங்கு எதைக் காண விரும்புகின்றனர் என்றும், யாருடைய கைகளுக்கு அன்று ஓய்வு கிடைக்கும் என்றும் கேட்டுப் பார்ப்பது நன்று. போகும் இடமும் நாளும் அவ்விரு விடைகளைக் கொண்டே தீர்மானமாகட்டும்.