மரை

நம்ம ஊரில் ஒருத்தரை 'மரை கழண்ட கேஸ்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். நிஜ மரை கெட்டுப்போனால் என்ன பாடு என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கு மிச்சிகனில்தான் தெரிந்தது.

மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். பக்கத்து வீட்டுப் பெரியவரிடம் ஒரு மோட்டார் ஹோம் இருந்தது. படுக்கை, அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ளேயே இருக்கிற பஸ் மாதிரியான வண்டி. 1976 மாடல் ஜி.எம்.சி. அதே மாநிலத்தில், பான்டியாக் நகரில் செய்தது. 1973 முதல் 1978 மாடல் வரைதான் வந்தது, அப்புறம் நிறுத்திவிட்டார்கள். 'எஞ்சின்கூடப் பரவாயில்லை. இந்த ஸ்க்ரூக்கள்தான் படுத்துது' என்பார் பெரியவர்.

ஒரு நாள் காலை, பக்கவாட்டுத் தகடு ஒன்றைக் கழற்றித் துடைத்து, திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். கை நடுங்கியது. 'கொடுங்க, நான் மாட்டறேன்' என்று வாங்கினேன். பக்கத்தில் பேட்டரி டிரில் கிடந்தது. ஸ்க்ரூவை வைத்து ஒரே அழுத்து. டர்ர்ர்! பாதி ஏறி, கோணலாக நின்றது. பெரியவர் ஒன்றும் சொல்லவில்லை. அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்கே புரிந்துவிட்டது.

விஷயம் இதுதான். மெல்லிய தகட்டில் நேராக மரை வெட்டினால் பிடிமானம் இருக்காது. அதனால் துளைக்குள் ஒரு குட்டி நட்டை நுழைத்து, பின்பக்கம் பிதுங்கும்படி இறுக்கி உட்கார வைப்பார்கள். பெயர் ரிவ்நட். விமான இறக்கையில் பனியை உடைக்கும் ரப்பர் உறையைப் பொருத்துவதற்காக, 1930-களில் குட்ரிச் கம்பெனி கண்டுபிடித்தது. முன்பக்கம் மட்டுமே கை எட்டும் இடத்துக்கு அருமையான யோசனை. ஆனால், ஸ்க்ரூ சிக்கிக்கொண்டு நாம் முரட்டுத்தனமாகத் திருகினால், நட்டும் சேர்ந்து சுற்றும். பின்னாலிருந்து பிடிக்க வழி கிடையாது.

ஸ்க்ரூ தானாகவும் சிக்கும். மிச்சிகனில் பனிக்காலம் வந்தால் ரோடெல்லாம் உப்பு தூவுவார்கள். இரும்பு ஸ்க்ரூ, அலுமினியம், நடுவே உப்புத் தண்ணீர். மூன்றும் சேர்ந்தால் குட்டி பேட்டரி! அலுமினியம் அரித்து, வெள்ளைப் பொடியாக உப்பி, ஸ்க்ரூவைக் கவ்விக்கொள்ளும்.

நான் சிக்கவைத்த ஒன்றை எடுக்க மத்தியானம் ஆகிவிட்டது. எண்ணெய் விட்டோம், காத்திருந்தோம், திருகினோம். நட்டும் சேர்ந்து சுற்றியது. கடைசியில் டிரில்லால் குடைந்து எடுத்து, புது ரிவ்நட் வைத்தோம்.

அப்புறம்தான் பாடம். முதலில் மரையை பிரஷ்ஷால் சுத்தம் செய்யணும். ஆன்ட்டி-சீஸ் என்று ஒரு சாம்பல் நிறக் களிம்பு, அதில் ஒரு பொட்டு தடவணும். களிம்பு வழுக்கும் என்பதால் வழக்கத்தைவிடக் குறைவாகத்தான் இறுக்கணும். ஸ்க்ரூவைத் துளையில் வைத்து, முதலில் கழற்றுகிற பக்கமாக, இடப்பக்கம், விரலாலேயே மெள்ளத் திருப்பணும். ஓர் இடத்தில் 'டக்'கென்று லேசாக இறங்கும். மரையின் வாய் அங்கேதான். அதன்பிறகு வலப்பக்கம். இரண்டு மூன்று சுற்று விரலாலேயே போகணும். போகவில்லையா, கோணல், எடுத்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கணும். திருப்புளி கடைசி இறுக்கத்துக்கு மட்டும்தான். திறக்கவே தேவைப்படாத தகடுகளையும் வருஷம் ஒருமுறை கழற்றி மாட்டுவாராம்.

'இந்தப் பழைய வண்டிக்கு இவ்வளவு மெனக்கெடணுமா?' என்று கேட்டுவிட்டேன்.

பெரியவர் நடுங்கும் கையை நீட்டிக் காட்டினார். 'அடுத்த வருஷம் இது ஸ்க்ரூ பிடிக்காது. வண்டி என் பேத்திக்கு. எங்கேயாவது நடுவழியில் தண்ணீர் பம்ப்பைப் பார்க்கணும்னு அவள் இந்தத் தகட்டைத் திறப்பாள். அப்ப நான் பக்கத்தில் இருக்க மாட்டேன். ஸ்க்ரூ அவள் கைக்கு வரணும்.'

எனக்குப் பேச்சு வரவில்லை. மிச்சம் பதினோரு ஸ்க்ரூ இருந்தது. டிரில்லைத் தள்ளி வைத்துவிட்டு, எல்லாவற்றையும் விரலாலேயே போட்டேன். பெரியவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு 'டக்'கையும் எண்ணிக்கொண்டிருந்தார்.

உங்கள் வீட்டிலும் எதையாவது மாட்டும்போது, பிற்பாடு அதைக் கழற்றப் போகிறவரை ஒரு நிமிஷம் நினைத்துக்கொள்ளுங்கள். அது நீங்களாகவேகூட இருக்கலாம்.